கெழுக்களைக் கேட்ட குடிமக்கள்

(கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழ் அன்பர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் கால்ட்ரெயினில் வேலைக்குப் போய் வருகிறவர்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஹோசே வரை 1864 முதல் ரயில் ஓடும் அந்தத் தடத்தில் 2024 செப்டம்பரிலிருந்து மின்சார ரயில்கள் ஓடுகின்றன. அதிவேக ரயிலுக்காக அதே தடத்தில் நான்கு தண்டவாளங்கள் போடப்படும், பல ஊர்களில் அவை உயர்மேடைப் பாலத்தின் மேல் செல்லும் என்று ஒரு காலத்தில் முடிவான செய்திபோலவே பேசப்பட்டது. இன்றைய திட்டத்தில் பெரும்பகுதித் தூரத்துக்கு இரண்டே தண்டவாளங்கள்; அதிவேக ரயிலும் உள்ளூர் ரயிலும் அவற்றைப் பகிர்ந்துகொள்ளும். இந்த மாற்றத்துக்குப் பணத் தட்டுப்பாடு, நீதிமன்றம், அரசியல் என்று காரணங்கள் பல உண்டு. அவற்றோடு ஒருங்கே எண்ணத்தக்க இன்னொரு காரணம், ஒரு காசு ஊதியமும் இல்லாமல் இரவுகளில் உட்கார்ந்து அரசின் கணக்குகளைப் படித்த குடிமக்கள். அவர்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதையே நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2008 நவம்பரில் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 1-ஏ முன்மொழிவை நிறைவேற்றி, அதிவேக ரயில் திட்டத்துக்காக 995 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட ஒப்புதல் தந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு 2 மணி 40 நிமிடத்தில் செல்லக்கூடிய தடம் என்பது அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்ட வாக்குறுதி. அதே சட்டத்தில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு நிபந்தனையும் உண்டு. கட்டி முடித்த பிறகு ரயிலை ஓட்டுவதற்கு அரசு மானியம் தேவைப்படக் கூடாது என்பதே அது. அப்படியானால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற மதிப்பீடுதான் முழுத் திட்டத்துக்கும் அடித்தளம். அந்த எண் சரியாக இருந்தால் மற்றவை நிற்கும். இல்லையென்றால் எதுவும் நிற்காது.

2009-இல் இந்தத் தடத்தின் ஓரத்தில் உள்ள பாலோ ஆல்டோ என்ற ஊரில் வசித்த சிலர் சேர்ந்து 'கார்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு குழுவைத் தொடங்கினார்கள். பொறுப்பான ரயில் வடிவமைப்புக்காக வாதாடும் கலிஃபோர்னியர்கள் என்பது அதன் முழுப்பெயரின் பொருள். ரயிலே வேண்டாம் என்பது அவர்களுடைய முழக்கம் அல்ல. கட்டுவதானால் கணக்கைத் திறந்து காட்டிக் கட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கொதிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு பயன் இருக்கலாம். ஆனால் பின்னிணைப்பின் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களே அதிகாரிகளைப் பதில் தேட வைக்கிறார்கள்.

அந்தப் பயணியர் மதிப்பீட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மத்தியப் பள்ளத்தாக்கிலிருந்து வளைகுடாப் பகுதிக்குள் ரயில் நுழைய இரண்டு மலைக் கணவாய்கள் ஆராயப்பட்டன. தெற்கே பச்சேகோ கணவாய்: கில்ராய், சான் ஹோசே வழியாக ஒரே கோடாகச் சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவது. வடக்கே ஆல்டமாண்ட் கணவாய்: லிவர்மோர், ஃப்ரீமான்ட் பக்கமாக வந்து, அதன்பின் சில ரயில்கள் சான் ஹோசேவுக்கும் சில ரயில்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பிரிவது. ஆல்டமாண்டில் ரயில்கள் இரண்டாகப் பிரிவதால் ஒவ்வொரு நகரத்துக்கும் கிடைக்கும் ரயில்கள் குறையும், அடுத்தடுத்த ரயில்களுக்கு இடையிலான நேரம் கூடும். அந்த இடைவெளியைப் பயணி எவ்வளவு பெரிய சுமையாக நினைக்கிறார் என்பதைக் குறிக்கும் ஓர் எண், பயணியர் எண்ணிக்கையைக் கணக்கிடும் கணித மாதிரிக்குள் இருக்கிறது. அதைக் கெழு என்கிறோம். அந்தக் கெழுவை உயர்த்தினால் ஆல்டமாண்ட் தோற்கும். தாழ்த்தினால் இரண்டு வழிகளும் நெருங்கி வரும்.

இறுதிக் கணிப்பில் ரயில்களுக்கு இடையிலான ஒரு நிமிட இடைவெளி, ரயிலுக்குள் கழியும் ஒரு நிமிடத்துக்குச் சமமான சுமையாக வைக்கப்பட்டிருந்தது. நகரப் பேருந்துக்கு இது பொருந்தலாம். தொலைதூரப் பயணத்துக்கு எப்படிப் பொருந்தும்? எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கப் போகிறவர் முந்தைய ரயில் புறப்பட்ட நேரத்திலிருந்து நடைமேடையில் காத்துக்கொண்டா நிற்கிறார்? வண்டி எப்போது என்று தெரிந்துகொண்டு அரை மணி முன்னதாகப் போய்ச் சேருகிறார். லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகிறவரும் அப்படித்தான் செய்வார்.

குடிமக்கள் கண்டுபிடித்தது இதோடு நிற்கவில்லை. பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்ட அறிக்கையில் இருந்த கெழுக்கள் வேறு. கணிப்பை உண்மையில் ஓட்டப் பயன்படுத்திய கெழுக்கள் வேறு. கேள்விமேல் கேள்வி கேட்டு, எழுதி எழுதி, 2010-இன் தொடக்கத்தில்தான் இறுதி எண்கள் அவர்கள் கைக்கு வந்தன. அதற்குள் வழித்தடம் தேர்வாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மாதிரியைத் தயாரித்த நிறுவனம், அது தொழில்முறை அனுபவத்தின் அடிப்படையில் செய்த திருத்தம் என்று விளக்கியது. திருத்தம் செய்வதில் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். திருத்திய எண்ணை வெளியிடாமல் பழைய எண்ணை மக்கள் முன் வைத்திருந்ததற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? அதை நான் இன்றும் ஏற்கவில்லை.

மாநில மேலவையின் போக்குவரத்துக் குழு இந்தக் கேள்விகளைக் காதில் போட்டுக்கொண்டது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்திடம் மாதிரி ஒப்படைக்கப்பட்டு, 2010 கோடையில் அறிக்கை வந்தது. இடைவெளிக்கான கெழுவைத் தரவிலிருந்து பெறாமல் வெளியிலிருந்து நிர்ணயித்ததை அது குறை சொன்னது. கருத்துக் கேட்கப்பட்டவர்களில் விமான, ரயில் பயணிகளின் பங்கு உண்மையான விகிதத்தைவிட மிகுதியாக இருந்தது என்றும், அந்தச் சாய்வைச் சரிசெய்யக் கையாண்ட முறை இந்த வகை மாதிரிக்கு உகந்ததல்ல என்றும் சொன்னது. கணிப்பில் பிழைக்கான இடம் மிக அகலம். இதை வைத்துக்கொண்டு திட்டம் நல்ல லாபம் ஈட்டுமா, பெரிய நட்டத்தில் விழுமா என்று சொல்ல இயலாது என்பதே அதன் முடிவின் சாரம். திட்டத்தை நடத்தும் அதிவேக ரயில் ஆணையமும் மாதிரியைத் தயாரித்தவர்களும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் பின்னர் பயணியர் கணிப்பை ஆராய்வதற்கென்றே வெளி வல்லுநர் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

நியாயமாகப் பேச வேண்டுமானால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆதர்டன், மென்லோ பார்க் ஆகிய ஊர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் தொடுத்த வழக்கில் 2009-இல் சாக்ரமெண்டோ நீதிமன்றம் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் குறைகள் உண்டென்று தீர்ப்பளித்தது. சான் ஹோசேவுக்கும் கில்ராய்க்கும் இடையே தன் நிலத்தைத் தர மாட்டோம் என்று யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் சொல்லியிருந்தும் அறிக்கை அதைச் சரிவரக் கணக்கில் கொள்ளவில்லை என்பது அக்குறைகளில் முக்கியமானது. ஆனால் 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பயணியர் மாதிரி பற்றிய சண்டை வல்லுநர்களுக்கு இடையிலான கருத்து வேறுபாடு, அதனால் மட்டும் அறிக்கை செல்லாததாகிவிடாது என்று சொல்லிவிட்டது. பச்சேகோ வழியே நிலைத்தது. தன்னார்வலர்கள் தோற்றுவிட்டார்கள் என்று இதற்குப் பொருளா? நான் அப்படிக் கருதவில்லை. நீதிமன்றம் பார்ப்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவை. கணக்கு சரியா என்பது அதிலிருந்து வேறான கேள்வி.

செலவுக் கணக்கு போன போக்கையும் பாருங்கள். 2009-இல் 4,260 கோடி டாலர் என்றது திட்ட அறிக்கை. 2011-இல் அது 9,850 கோடியாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் இப்பகுதியின் மக்கள் பிரதிநிதிகள் மூவர் கூடி, இருக்கும் கால்ட்ரெயின் தடத்தையே மின்மயமாக்கிப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனையை முன்வைத்தார்கள். 2012-இன் திட்டம் அதை ஏற்றது, தொகை 6,840 கோடிக்கு இறங்கியது. 2013-இல் இரண்டு தண்டவாள ஏற்பாட்டைச் சட்டமே உறுதிசெய்தது.

சான் பிரான்சிஸ்கிட்டோ ஓடைக் கரையில், ரயில் பாலத்தை ஒட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயதான ஒரு ரெட்வுட் மரம் நிற்கிறதே, பாலோ ஆல்டோ என்ற ஊர்ப்பெயரே அந்த மரத்தின் பெயர்தான், அதைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். அடிமரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே சில எட்டுகள்தான். நான்கு தண்டவாளங்கள் எந்தப் பக்கம் விரிந்திருக்கும் என்று அங்கே நின்று யோசித்தால், வரைபடத்தில் அரை அங்குலமாகத் தெரிகிற கோடு தரையில் எதைக் குறிக்கிறது என்பது விளங்கும். குடிமக்கள் செய்யும் ஆய்வில் பாதி இதுதான்: வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடத்தின் ஓரமாக நடப்பது, மதகு இருக்கிறதா, பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிடுவது. தொலைவிலுள்ள அலுவலகத்தில் அமர்ந்து வரைந்தவருக்குத் தெரியாத செய்தி, அந்தத் தெருவில் குடியிருப்பவருக்குத் தெரியும்.

இதில் என்னை உறுத்துகிற ஒன்றும் உண்டு. பாலோ ஆல்டோ பொருளியலும் புள்ளியியலும் கற்றவர்கள் நிறைந்த, வசதியான ஊர். மத்தியப் பள்ளத்தாக்கில் கிங்ஸ் மாவட்டத்தில் தோட்டத்தின் குறுக்கே தடம் வருகிற விவசாயிக்கும், ஃப்ரெஸ்னோவில் ஸ்பானிய மொழி பேசும் கூலித் தொழிலாளர் குடும்பத்துக்கும், ஆயிரக்கணக்கான ஆங்கிலப் பக்கங்களைப் படிக்க நேரம் ஏது? ஹான்ஃபோர்டில் விவசாயிகளும் ஊரவர்களும் தாங்களே திரண்டு வாதாடினார்கள். ஆனாலும் முதலில் கட்டுமானம் தொடங்கியது அந்தப் பள்ளத்தாக்கில்தான். தன்னார்வலர்கள் இருக்கிற ஊருக்கு மட்டும் நல்ல மேற்பார்வை கிடைப்பது முறையாகாது. அந்தந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் வல்லுநருக்கு அரசே ஊதியம் கொடுக்க வேண்டும் என்பதும், இறுதிக் கெழுக்கள் வழித்தடம் தேர்வாவதற்கு முன்பே வெளியிடப்பட வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

நம் பகுதியில் வேலை இன்னும் முடியவில்லை. பாலோ ஆல்டோவில் சர்ச்சில், மெடோ, சார்ல்ஸ்டன் ஆகிய லெவல் கிராசிங்குகளை என்ன செய்வது என்று நகராட்சி அமைத்த குடிமக்கள் குழு 2021-இல் தன் அறிக்கையைத் தந்தது. அந்தப் பேச்சு இன்றும் நடக்கிறது. மற்ற ஊர்களிலும் இப்படிப்பட்ட வரைவுகள் வரும். 1970-இல் இயற்றப்பட்ட கலிஃபோர்னியச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தேவைப்படும் பெரிய திட்டங்களின் வரைவு அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்லப் பொதுவாக 45 நாட்களாவது தர வேண்டும். சுற்றுச்சூழல் குறித்து எழுத்தில் வரும் கருத்துகளுக்கு இறுதி அறிக்கையில் எழுத்திலேயே பதில் தர வேண்டும். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைப்பதற்கு முன் யாருமே எழுப்பாத குறையைப் பிறகு நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது. ஆகவே முதல் வாரத்திலேயே தொழில்நுட்பப் பின்னிணைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். நான்கைந்து பேர் அத்தியாயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். அனுப்பும் கடிதத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் அத்தியாயம், பக்கம், அட்டவணை எண் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அப்படிக் குறித்துக் கேட்கும் கேள்வியைப் பொத்தாம்பொதுவான பதிலால் கடந்துபோவது அதிகாரிகளுக்கு எளிதாக இராது.

நன்றி, வணக்கம்.