மட்டக்குதிரைக்கு ஒரு மண்பாதை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நகராட்சி உறுப்பினர் பெருமக்களே, கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, இந்தக் குளிரில் மைக் கட்டி, எனக்குச் சால்வையும் போர்த்திய வாசகர் வட்டத் தோழர்களே, பின்னால் நிற்கும் குதிரைக்கார அண்ணன்மார்களே, வணக்கம். முன்வரிசையில் நாற்காலி காலியாக இருக்கிறது, அண்ணன்மார்கள் வந்து உட்காரலாம். தலைவர் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். சால்வையை மட்டும் திருப்பித் தரமாட்டேன், கொடைக்கானலில் அது நிஜமாகவே உதவும்.

இன்று மூன்று பிராணிகள்: குதிரை, சீட்டா என்கிற சிவிங்கிப்புலி, நம் வரையாடு. டிரெட்மில்லில் ஓடுவதும் மண்ணில் ஓடுவதும் ஒன்றா என்பது கேள்வி. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அடி சறுக்குவது ஆனையாலா, தரையாலா என்று யாரும் கேட்பதில்லை.

என் மச்சான் மதுரையில் இருக்கிறார். மாடியில் டிரெட்மில். "தினமும் அஞ்சு கிலோமீட்டர் மாப்ளே" என்பார். போன சீசனுக்கு வந்தவர், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினார். சரி, மனுஷன் தேறிவிட்டார் என்று அப்சர்வேட்டரி ரோட்டு ஏற்றத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு குதிரைக்காரர் கூடவே வந்தார். "சார், ஏறிக்கிறீங்களா?" "வேண்டாம்பா." அடுத்த வளைவில், "சார்?" "வேண்டாம்னு சொன்னேன்ல!" அதற்கடுத்த வளைவில் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. குதிரையை ஓரமாக நிறுத்திவிட்டு பீடி பற்ற வைத்தார். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல், தானாகவே போய் ஏறி உட்கார்ந்தார். மேலே இறங்கியதும் சொன்னார்: "அந்த மெஷின்ல பட்டனை அமுக்கினா நிக்கும் மாப்ளே. இந்த மலையை எங்கே அமுக்கிறது?" ஆனைக்கும் அடி சறுக்கும், மச்சான் எம்மாத்திரம்!

விஷயத்துக்கு வருகிறேன். டிரெட்மில்லின் பட்டை ஒரே சீராக ஓடினால், கணக்குப்படி அதில் ஓடுவதும் மண்ணில் ஓடுவதும் ஒன்றுதான். எதிர்க்காற்று மட்டும் இருக்காது. ஆனால் குதிரையை அதில் ஏற்றினால், குளம்பு விழும்போது பட்டை ஒரு கணம் தளர்ந்து, மறுபடி வேகம் பிடிக்கிறது. கால் ஓடுகிறது, எதிரே சுவர் அப்படியே நிற்கிறது. புதுக்குதிரை மிரளத்தானே செய்யும்? சில தடவை பழகிய பிறகுதான் நடை சீராகிறது. அப்போதும் கால் பதிந்திருக்கும் நேரம் தரையைவிடச் சற்று நீளுவதாக அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அதற்காக மெஷினைக் குறை சொல்லவில்லை. 1981-இல் ஹாய்ட், டெய்லர் என்ற இருவர் மட்டக்குதிரைகளை டிரெட்மில்லில் ஓட்டி, அவை இழுக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். நடைக்கும் பெருநடைக்கும் பாய்ச்சலுக்கும் செலவு குறைந்த வேகம் ஒவ்வொன்று இருந்தது. தரையில் இஷ்டப்படி விட்டபோது குதிரைகள் ஏறக்குறைய அந்த வேகங்களையே எடுத்தன. நம் அண்ணன்மார்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

அதே டெய்லர்தான் 1973-இல் சிவிங்கிப்புலியையும் டிரெட்மில்லில் ஏற்றியவர். உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டியதும் அது ஓட மறுத்தது. சூடு ஏறுவதால்தான் வேட்டையைப் பாதியில் விடுகிறது என்று பல காலம் எழுதிவந்தார்கள். 2013-இல் நமீபியாவில், உடலுக்குள் கருவி பொருத்தி, வேட்டையாடும்போதே அளந்தார்கள். துரத்தலை விட்ட நேரத்தில் அப்படி ஒரு சூடு ஏறியிருக்கவே இல்லை! ஆனைக்கும் அடி சறுக்கும், பேராசிரியருக்கும் சறுக்கும்.

ஆராய்ச்சிக்காரர்கள் கால் படும் தளத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறார்கள். ஏரிக்கரைக் குதிரைக்கு நாம் கொடுத்திருப்பது என்ன? தார் ரோடு. தாருக்கு மண்ணைப் போல அமுங்கத் தெரியாது, ஒவ்வொரு அடியின் அதிர்வும் குளம்பிலிருந்து மூட்டுக்கு ஏறுகிறது. தூறல் விழுந்தால் இரும்பு லாடம் வழுக்குகிறது. முதுகில் ஒரு குடும்பத்துப் பிள்ளை, பக்கத்தில் ஹாரன் அடிக்கும் வேன். 1863-இல் இந்த ஏரியை வெட்டியவர்கள் காலத்தில் குதிரைக்கு மண் இருந்தது. இப்போது ஓரமாக ஒரு மண்பாதை கேட்டால், வண்டி நிறுத்த இடம் போதாது என்கிறார்கள். உறுப்பினர் பெருமக்கள் கோபிக்கக் கூடாது, நான் இதை மூன்று மேடைகளிலாவது சொல்லாமல் விடமாட்டேன்.

வரையாடு பாக்கி இருக்கிறது. செயலாளர் துண்டுச்சீட்டு நீட்டிவிட்டார், அதை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். மண்பாதை கேட்டு ஒரு மனு எழுதி, வாசலில் தேநீர் மேசைமேல் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு டம்ளரை எடுங்கள். முதல் கையெழுத்து மருத்துவர் அம்மா போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.