இந்தியா முன்பே சொல்லியும் இலங்கையில் ஏன் தடுக்க முடியவில்லை? – நேயர் கேள்விக்கு விளக்கம்

கோவையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "நட்பு நாடுகள் பயங்கரவாதத் தகவல்களைப் பரிமாறிக்கொள்கின்றன என்று சென்ற உரையில் பெருமையாகச் சொன்னீர்கள். 2019 ஈஸ்டர் தாக்குதலைப் பற்றி இந்தியா இலங்கைக்கு முன்கூட்டியே சொல்லியும் 260-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்களே! அப்புறம் இந்த ஒத்துழைப்பால் யாருக்கு லாபம்?"

காரமான கேள்வி. கோவைக்காரர் கேட்பதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. கோவையில் ஐ.எஸ். ஆதரவாளர்கள் மீது தேசியப் புலனாய்வு முகமை நடத்திய விசாரணையில்தான், அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிமின் காணொளிகள் கிடைத்தன என்று அப்போது செய்திகள் வந்தன. கிழக்கிலங்கைக் காத்தான்குடியைச் சேர்ந்த அந்த மனிதர் தமிழில் பிரசங்கம் செய்தவர். அதனால் அவருடைய பேச்சு இங்கேயும் எடுபட்டது.

பழைய நேயர்களுக்கு நான் எப்போதும் கேட்கச் சொல்வது நினைவிருக்கும். ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் தகவல் கொடுத்தது என்று செய்தி வந்தால், "எந்த மேசையில் போய் விழுந்தது?" என்று கேளுங்கள். நாட்டுக்குக் காது கிடையாது. ஓர் அதிகாரிக்குத்தான் காது உண்டு.

இப்போது மேசைகளை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 4-ஆம் தேதி இந்தியாவின் எச்சரிக்கை இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைத் தலைவரிடம் வருகிறது. அவர் தேசியப் புலனாய்வுத் தலைவருக்கு அனுப்புகிறார். அங்கிருந்து 9-ஆம் தேதி போலீஸ் மா அதிபருக்கு, அதாவது நாட்டின் போலீஸ் தலைவருக்கு, கடிதம் போகிறது. 11-ஆம் தேதி ஒரு டிஐஜி கையெழுத்திட்டு, முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவுகளுக்கு அதை அனுப்புகிறார். கடிதத்தில் ஸஹ்ரானின் பெயரே இருந்தது. ஆனால் பிரமுகர்களைக் காப்பாற்றத்தான் அந்தக் கடிதம்! பின்னர் குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயத்துக்கும் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிய ஆலயத்துக்கும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கும் ஒரு வார்த்தை போகவில்லை. தெரிந்திருந்தால் திருப்பலியையே ரத்து செய்திருப்பேன் என்று பிறகு கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் சொன்னார். 21-ஆம் தேதி காலைவரை இந்தியா திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது.

அரசியல் மேசை இன்னும் விசித்திரம். பாதுகாப்பு அமைச்சை ஜனாதிபதி சிறிசேன தன் கையிலேயே வைத்திருந்தார். தாக்குதல் நடந்தபோது அவர் சிங்கப்பூரில். பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை அவர் பதவியிலிருந்து நீக்கிப் பார்த்த 2018 அக்டோபர் அரசியல் குழப்பத்துக்குப் பிறகு, ரணிலைத் தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்கு அழைத்ததே இல்லை. ஒரே அரசாங்கத்துக்குள் ஜனாதிபதியும் பிரதமரும் பேசிக்கொள்ளாத நாட்டுக்கு டெல்லி எத்தனை முறை சொன்னால்தான் என்ன? பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது என்று கூவலாம். தாழ்ப்பாள் போட வேண்டியது நீங்கள்தான். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேலே சொன்ன மேசைகளில் உட்கார்ந்திருந்த இரண்டு புலனாய்வுத் தலைவர்களுக்கும் போலீஸ் மா அதிபருக்கும் தனித்தனியாகத் தொகை விதித்தது. இப்படி ஒரு தீர்ப்பு வேறு எங்கே வந்திருக்கிறது, சொல்லுங்கள்?

இலங்கையை மட்டும் திட்டிவிட்டுப் போகக் கூடாது. 2011-இல் ரஷ்யா, டமர்லான் சர்னாயெவ் என்பவரைக் கவனியுங்கள் என்று அமெரிக்காவுக்குச் சொன்னது. எஃப்.பி.ஐ. ஆளை விசாரித்து, ஒன்றுமில்லை என்று கோப்பை மூடியது. 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் அவரும் அவர் தம்பியும் வைத்த குண்டுகள் வெடித்தன. 2024 மார்ச்சில் திசை மாறியது. மாஸ்கோவில் கூட்டம் கூடும் இடங்களில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கா எச்சரித்தது; புதின் அதை மிரட்டல் என்றார்; சில நாட்களில் குரோக்கஸ் அரங்கில் 140-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆகாத நாடுகளும் தகவல் கொடுக்கின்றன. ஆனால் கொடுப்பவர் மீது சந்தேகம் இருந்தால் தகவல் மீதும் சந்தேகம் வந்துவிடுகிறது. நட்பு அங்கேதான் உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவும் இந்தியாவும் நெருங்கிய நண்பர்கள்தான். மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்த்த ஹெட்லியை இன்றுவரை ஒப்படைக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்த மாட்டோம் என்று அவரோடு உடன்பாடு செய்துகொண்டார்கள். அவருடைய கூட்டாளி ராணாவைக்கூட 2025-இல்தான் அனுப்பினார்கள்.

நேயர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில்தான் கோபம் அதிகம். டெல்லி சொன்னது இரண்டாவது எச்சரிக்கை. முதல் எச்சரிக்கை காத்தான்குடியிலிருந்தே வந்தது. 2017 மார்ச்சில் ஸஹ்ரானின் ஆட்கள் அங்கே சூஃபி முஸ்லிம்களோடு மோதினார்கள். ஸஹ்ரான் தலைமறைவானார். இவர் ஆபத்தானவர் என்று உள்ளூர் முஸ்லிம்கள் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். போலீஸின் பயங்கரவாத விசாரணைப் பிரிவு 2018-இல் அவரைப் பிடிக்க நீதிமன்ற ஆணையும் வாங்கியது. அதற்குள் அந்தப் பிரிவின் தலைவரே ஜனாதிபதியைக் கொல்லச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் கைதானார். தேடுதல் அப்படியே படுத்துவிட்டது. வெளிநாட்டு உளவுத்துறையின் ரகசியத் தாளுக்கு இருந்த அந்தக் கொஞ்ச மரியாதைகூட, அதே ஊரில் அவரை அன்றாடம் பார்த்த மக்களின் புகாருக்கு இல்லை. அந்தப் புகார்கள் எந்த மேசையில் விழுந்தன என்பதைப் பற்றி ஒரு முழு உரையே பேச வேண்டும், பேசுகிறேன்.

அடுத்த கேள்வி மதுரையிலிருந்து.