செந்நாயும் மானும்

வணக்கம் நேயர்களே. வேட்டை என்றாலே துரத்துகிற விலங்குதான் வெல்லும் என்று நினைத்துவிடுகிறோம். காட்டில் பெரும்பாலான வேட்டைகள் தோற்றுத்தான் போகின்றன. புலிகூடப் பத்து, இருபது முறை முயன்றால்தான் ஒரு முறை இரை கிடைக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் சொல்வேன்.

முதுமலை வழியாகப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். மரத்தில் மந்திகள், கீழே புள்ளிமான்கள். மந்தி கடித்துப் போடும் தழையும் காயும் மானுக்கு உணவு. மேலிருந்து மந்தியின் கண் காவல், கீழிருந்து மானின் மூக்கு காவல். ஒன்று குரல் கொடுத்தால் மற்றதும் உஷாராகிவிடும். தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பதுங்கிவந்த சிறுத்தை பெரும்பாலும் விலகிப் போய்விடும்.

செந்நாய்க்கு ஒளிந்து பதுங்கும் வேலை இல்லை. பகல் வெளிச்சத்தில், கூட்டமாக, சீழ்க்கை போன்ற ஒலியால் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு துரத்தும். உயிர் போகும் முன்பே இரையைத் தின்னத் தொடங்குவதால் அதைக் கொடிய விலங்கு என்கிறார்கள். எனக்கு இந்தப் பழிச்சொல் பொறுப்பதே இல்லை. பதினைந்து கிலோ அளவுள்ள விலங்கு அது. புலியைப் போலக் கழுத்தைக் கவ்வி ஒரே பிடியில் கொல்லும் வலிமை அதற்கு ஏது? தாமதித்தால் புலியோ சிறுத்தையோ வந்து பறித்துக்கொள்ளும். இந்தப் பழியைச் சுமத்தித்தான் ஆங்கிலேயர் காலத்தில் செந்நாயைக் கொன்றவர்களுக்கு வெகுமதி கொடுத்தார்கள்.

நாங்குநேரியில் பிறந்து சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் நடந்தே ஆராய்ந்தார். ஒரு தமிழர் செய்த வேலை இது, நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். செந்நாய்க் கூட்டத்தில் இரையை முதலில் தின்பவை குட்டிகள். குட்டிகள் வளைக்குள் இருக்கும் பருவத்தில், பெரியவை வயிற்றில் கொண்டுவந்த இறைச்சியைக் கக்கி ஊட்டும். காவலுக்கு நின்ற செந்நாய்க்கும் அதில் பங்கு உண்டு. இதையா கொடியது என்பது?

மாயாற்றில் ஒருமுறை பார்த்தேன். பெண் கடமான் ஒன்று மார்பளவு நீரில் நின்றது. செந்நாய்கள் கரையில் நடந்தன, படுத்தன, நீரில் இறங்கிப் பார்த்தன. கடமான் முன்னங்காலால் ஓங்கி அடித்தது. இறங்கியவை கரையேறின. வெகுநேரம் கழித்துக் கூட்டம் எழுந்து போயிற்று. அன்று குட்டிகளுக்கு என்ன கிடைத்ததோ! முன்பே சொன்னேன், பெரும்பாலான வேட்டைகள் தோற்கின்றன.

நேரம் முடிவதாகக் கை காட்டுகிறார்கள். நோய்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். வளர்ப்பு நாய்களுக்கு வரும் வெறிநோயும் டிஸ்டெம்பரும் செந்நாய்க்கும் தொற்றும். காட்டோர ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். நன்றி, வணக்கம்.