சுடுமல்லி: விதை கேட்டவர்களுக்காக ஒரு வீடியோ

வணக்கம் மக்களே. போன வாரம் அரை நிமிட வீடியோ ஒன்று போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சோளப் பயிரின் தூருக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்த குட்டிச் செடி. "என்ன பூ அக்கா இது? தொட்டியில் வருமா? விதை கிடைக்குமா?" என்று ஏகப்பட்ட பேர் கேட்டுவிட்டீர்கள். என் மாமாவும் அதைப் பார்த்திருக்கிறார். "விதை கேக்கறாங்களா? நம்ம காட்டுக்கு வரச் சொல்லு கண்ணு, படி படியா அள்ளிக் கொடுத்து அனுப்பறேன்" என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அதனால்தான் இன்றைக்கு அதே காட்டிலிருந்து பேசுகிறேன். ராசிபுரம் பக்கம், மானாவாரிச் சோளம், ஆடியில் விதைத்தது. பூவின் பெயர் சுடுமல்லி, சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சிப் பிழைக்கும் களை.

முதலில் பூவைப் பார்த்துவிடலாம். இருங்கள், கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். செடி ஒரு சாண்தான். இலை ஒல்லியாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. பூவின் குழாய் பாதியில் வளைந்து நிற்கிறது, தெரிகிறதா? அதைத் தாங்கும் பச்சைப் புல்லி வட்டத்தில் நீளவாக்கில் வரிகள் ஓடும். லென்ஸ் வைத்து எண்ணினேன், பத்து. பத்து வரி என்றால் ஸ்ட்ரைகா ஏசியாட்டிகா. ஐந்து வரிதான் என்றால் அதன் பங்காளி, ஸ்ட்ரைகா டென்சிஃப்ளோரா. அதுவும் சோளத்தை விடாது. ஸ்ட்ரைகா என்றால் லத்தீனில் சூனியக்காரி என்று அர்த்தம். ஆனால் எனக்கு நம் ஊர்ப் பெயர்தான் பிடித்திருக்கிறது. போன வாரம் ஒரு கிளையை நோட்டுக்குள் வைத்திருந்தேன். இதோ பாருங்கள், அடுப்பில் போட்டு எடுத்த மாதிரி கருத்துவிட்டது. காய்ந்தால் இது கருப்பாகத்தான் ஆகும். பயிரும் இதனிடம் மாட்டினால் ஓரம் தீய்ந்து, சுட்ட மாதிரிதான் நிற்கும். பெயர் வைத்தவர் எதைப் பார்த்து வைத்தாரோ, இரண்டுக்கும் பொருந்துகிறது.

சரி, இப்போது மண்ணுக்குள் போவோம். பிடுங்கினால் அறுந்துவிடும் என்பதால் சோளத்தூரை மண்ணோடு கடப்பாரையால் நெம்பி எடுத்து, பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்திருக்கிறேன். மெதுவாக அலசுகிறேன். மண் கரைகிறது... இதோ. இந்தச் சோள வேரைப் பிடித்துக்கொண்டே வாருங்கள். நடுவில் சின்னப் புடைப்பு ஒன்று இருக்கிறது அல்லவா? அங்கேதான் சுடுமல்லி சோளத்துக்குள் நுழைந்திருக்கிறது. தண்ணீர், சத்து எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. மேலே பச்சை இலை இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தானாகக் கொஞ்சம் சமைத்துக்கொள்ளும், ஆனால் அது போதாது, அடுத்த வீட்டுச் சாப்பாடு இல்லாமல் பிழைக்காது. வெயிலில் சோளம் தண்ணீரை மிச்சம் பிடிக்க இலைத்துளைகளை மூடிக்கொள்ளும்போதும், இது தன்னுடையதைத் திறந்தே வைத்திருக்கும். உறிஞ்சுகிற பக்கம் இழுவை குறையவே குறையாது. மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவது இதனால்தான்.

இன்னொன்றும் பாருங்கள். அதே வேரில் வெள்ளையாக, இலையே விரியாத குருத்துகள்: ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு. மேலே எனக்குத் தெரிந்தது இரண்டே செடி. முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை இது வெளியே தலையே காட்டாது. பூ கண்ணில் படும்போது சோளம் இழக்க வேண்டியதில் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்திருக்கும்.

இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். இதன் விதை கால் மில்லிமீட்டர் இருக்கும், வெறும் தூசு. ஒரு செடி 50,000 விதைக்கு மேல் கொட்டும். மண்ணுக்குள் பத்து வருஷத்துக்கு மேலும் சும்மா கிடக்கும். மழை பெய்தால் மட்டும் போதாது, முளைக்காது. பக்கத்தில் வேர் வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் முளைக்கும். எப்படித் தெரியும்? வேர் கசியவிடும் ஒரு வேதிப்பொருளை வைத்து. 1966இல் அதை முதன்முதலில் பிரித்தெடுத்து ஸ்ட்ரைகால் என்று பெயர் வைத்தார்கள். எதிரியை எழுப்பும் பொருளை ஒரு செடி எதற்காகக் கசியவிட வேண்டும்? அந்தக் கேள்விக்கு 2005இல்தான் பதில் கிடைத்தது. வேம் என்று பாக்கெட்டில் வாங்கிப் போடுகிறோமே, அந்த வேர்ப்பூஞ்சையை வேர் கூப்பிடும் குரல் அது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பற்றாத வேர், "வந்து கொண்டுவந்து கொடு" என்று பூஞ்சையை அழைக்கிறது. அந்த அழைப்பை இந்தத் தூசு ஒட்டுக்கேட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறது. சத்தில்லாத மண்ணில் வேர் இன்னும் அதிகமாகக் கூப்பிடும், இதுவும் இன்னும் அதிகமாக எழும். ஏழைக் காட்டைத்தான் தேடிப் பிடிக்கும் என்று மாமா சொல்வது வெறும் புலம்பல் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்ட்ரைகாலைப் பிரித்தெடுத்தது சோள வேரிலிருந்து இல்லை, பருத்தி வேரிலிருந்து! பருத்தியில் இதனால் ஒட்டவே முடியாது. முளைத்துவிட்டு, பிடிக்க வேர் கிடைக்காமல் சில நாளில் செத்துப்போகும். அதனால்தான் சோளத்துக்கு அடுத்து பருத்தி, நிலக்கடலை என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் கரோலினா பகுதிகளில் 1956இல் மக்காச்சோளத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள்; அப்புறம் சில வருஷம் கழித்து, மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி விதைகளை ஏமாற்றி முளைக்க வைத்தார்கள். நமக்கு எத்திலீன் கட்டுப்படியாகாது, பருத்தி கட்டுப்படியாகும். எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டாவுக்கு 2009இல் உலக உணவுப் பரிசு கிடைத்ததற்கு முக்கியக் காரணம், இதைத் தாங்கும் சோள ரகங்களை உருவாக்கியதுதான். அவற்றில் சில, அந்த அழைப்பையே அடக்கி வாசிக்கும் ரகங்கள்.

வேரிலிருந்து திருடுவதெல்லாம் வில்லன்தானா என்று கேட்டால், சந்தன மரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. நர்சரியில் சந்தனக் கன்றோடு பொன்னாங்கண்ணியைச் சேர்த்து வைப்பது அழகுக்காக இல்லை, கன்றுக்குச் சாப்பாடு அது.

அப்புறம், என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் வீடியோ எடுத்து முடித்ததும் பூத்த செடிகளைப் பிடுங்கி வரப்பில் வீசிவிட்டேன், நல்லது செய்வதாக நினைத்து. அதில் பாதி காய் பிடித்தவை. அவை வரப்பிலேயே காய்ந்து வெடித்தால், காற்று அடுத்த காட்டுக்கும் கொண்டுபோய்விடும். பிடுங்குவதென்றால் பூக்கும் முன்னே பிடுங்க வேண்டும். பூத்துவிட்டால் சாக்கில் கட்டி எடுத்துப்போய் எரிக்க வேண்டும். இன்றைக்குக் காலையில் முதல் வேலையாக அந்த வரப்பைத்தான் கூட்டினேன். எத்தனை விழுந்ததோ, தூசை எண்ணவா முடியும்?

ஆகவே, விதை அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாமா கூப்பிடுகிறார். செருப்பு, கடப்பாரை, டிரைபாட் கால் எல்லாவற்றையும் இங்கேயே கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டுமாம். அந்தப் பக்கெட்டை இப்படித் தள்ளுங்கள் மாமா...