21 வயதிலேயே எழுதிவைக்க வேண்டிய பத்திரம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘நீடித்த அதிகாரப் பத்திரம் முதியவர்களுக்குத் தேவையா, எல்லா வயதினருக்கும் தேவையா?’ என்பது இன்றைய தலைப்பு. எல்லா வயதினருக்கும் தேவை என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், “முப்பது வயதுப் பிள்ளையிடம் போய், உனக்கு நினைவு தப்பினால் உன் காரியங்களை யார் பார்ப்பது என்று கேட்பது அபசகுனம்” என்றார். அவையில் பலர் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல்தான் எனக்குக் கவலை தருகிறது.

சிங்கப்பூரில் மனத்திறன் சட்டம் நடப்புக்கு வந்தது 2010 மார்ச் மாதம். 21 வயது நிறைந்த எவரும், பின்னொரு நாள் தாமே முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டால் தம் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை இப்போதே எழுதிவைக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். அப்படி எழுதிவைப்பதுதான் நீடித்த அதிகாரப் பத்திரம்; அதில் நாம் நியமிப்பவர் பொறுப்பாளர். எங்கே வசிப்பது, யார் பராமரிப்பது என்பன ஒரு பகுதி. பணம், வீடு, வங்கிக் கணக்கு இன்னொரு பகுதி. முதியவர்களுக்கு மட்டும் என்று சட்டம் கருதியிருந்தால் அறுபது என்றோ அறுபத்தைந்து என்றோ வயதைக் குறித்திருக்கும். 21 என்று குறித்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வயதுக்குப் பிறகு, பெற்ற தாயே ஆனாலும் பிள்ளையின் வங்கிக் கணக்கில் கைவைக்க அவருக்குத் தானாக எந்த அதிகாரமும் கிடையாது.

“நான் உயில் எழுதிவிட்டேன், மத்திய சேமநிதிக்கு வாரிசையும் நியமித்துவிட்டேன், இன்னும் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. அவை இரண்டும் நாம் இறந்த பிறகு பேசுபவை. உயிரோடு இருந்து, கண் திறந்திருந்து, ஆனால் ஒரு படிவத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் கிடக்கும் காலத்தில் அவை வாயே திறக்காது. அந்தக் காலம் பல ஆண்டுகள் நீளலாம்.

ஓர் இளம் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவனுக்கு முப்பத்துநான்கு வயது. செங்காங்கில் இருவர் பெயரிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளை. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர் விபத்தில் சிக்கித் தலையில் அடிபடுகிறார். உயிர் பிழைக்கிறார், முடிவெடுக்கும் திறன் திரும்பவில்லை. கடன் தவணையைச் சமாளிக்க முடியாமல் சிறிய வீட்டுக்கு மாறலாம் என்று மனைவி நினைக்கிறார். விற்பதற்கு இருவர் கையெழுத்தும் வேண்டும். கணவர் பெயரில் தனியாக இருக்கும் சேமிப்பை அவரால் தொட முடியாது. கூட்டுக் கணக்கைக்கூட, ஒருவர் திறன் இழந்தது தெரிந்தால் வங்கி நிறுத்திவைக்கக்கூடும். தாலி கட்டிய உறவு சட்டத்தின் முன் கையெழுத்தாக மாறிவிடாது.

பத்திரம் இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்கு இருக்கும் வழி, குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பித்துத் தம்மைக் கணவரின் பிரதிநிதியாக நியமிக்கும்படி கேட்பது. எளிமையான வழக்குகளுக்கு எளிதான நடைமுறை உண்டு, மறுக்கவில்லை. அதற்கும் மருத்துவ அறிக்கை வேண்டும், பிரமாண வாக்குமூலம் வேண்டும், காத்திருக்க வேண்டும். வழக்கறிஞரை வைத்தால் ஆயிரக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) செலவாகும். நியமனம் கிடைத்த பின்பும் நீதிமன்றம் தந்த அதிகாரத்தின் எல்லைக்குள்தான் நடக்க வேண்டும், இத்தகைய நியமனங்களைக் கண்காணிக்கும் பொதுக் காப்பாளர் அலுவலகத்துக்குக் கணக்கும் காட்ட வேண்டும். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் தலையில் இதையும் ஏற்றிவைப்பதா?

முதியவர்களுக்கு மட்டும் போதும் என்ற வாதம் எங்கே உடைகிறது தெரியுமா? இந்தப் பத்திரத்தில் நினைத்த நேரத்தில் கையெழுத்திட்டுவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரோ, மனநல மருத்துவரோ, வழக்கறிஞரோ நம்மோடு பேசி, இதன் பொருள் நமக்கு விளங்குகிறது, யாரும் நம்மை வற்புறுத்தவில்லை என்று சான்றளிக்க வேண்டும். மறதி நோய் முற்றிய தந்தையை அங்கே அழைத்துப்போனால் சான்று கிடைக்காது. நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்குச் சில நேரம் கிடைக்கும், ஆனால் அந்தத் தொடக்கத்தைக் குடும்பம் அடையாளம் காண்பதற்குள் காலம் ஓடிவிடுகிறது. முதுமை வரட்டும் என்று காத்திருப்பவர்களே வாய்ப்பை இழக்கும் ஆபத்தில் அதிகம் இருக்கிறார்கள்.

“நம் குடும்பங்களில் பாசம் இருக்கிறது, பத்திரம் எதற்கு?” என்றார் எதிரணி அம்மையார். பாசம் இருப்பதாலேயே பிளந்த குடும்பம் ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டெர்ரி ஷைவோ என்ற பெண் 1990-இல் நினைவிழந்து விழுந்தார். அப்போது அவருக்கு வயது 26. தம் விருப்பத்தை அவர் எழுதிவைத்திருக்கவில்லை. செயற்கை உணவூட்டலை நிறுத்தலாமா என்ற கேள்வியில் கணவர் ஒரு பக்கமும் பெற்றோர் மறு பக்கமுமாக 1998 முதல் 2005-இல் அவர் இறக்கும்வரை நீதிமன்றங்களில் நின்றார்கள். நம் சட்டத்தின்படி, உயிர்காக்கும் சிகிச்சை குறித்த முடிவைப் பொறுப்பாளர் எடுக்க முடியாது, அது மருத்துவரின் பொறுப்பு. ஆகவே அந்த வழக்கை அப்படியே இங்கே பொருத்தவில்லை. ஆனால் பெற்றோரும் நேசித்தார்கள், கணவரும் நேசித்தார் என்று வைத்துக்கொண்டால், 26 வயதுப் பெண்ணுக்காகப் பேச வேண்டியவர் யார் என்பதைப் பாசத்தால் தீர்க்க முடியுமா? டெர்ரி ஒருவரால் மட்டுமே அதைத் தீர்த்திருக்க முடியும்.

ஏமாற்றிவிடுவார்களே என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன். சீனாவிலிருந்து சிங்கப்பூர் வந்த முன்னாள் சுற்றுலா வழிகாட்டி ஒருவர், வசதி படைத்த ஒரு மூதாட்டியின் வீட்டில் குடியேறி, அவருடைய பத்திரத்தில் பொறுப்பாளராகவும் ஆனதை நாடே பார்த்தது. மூதாட்டியின் உறவினர் நீதிமன்றம் சென்றார். 2014-இல் அந்தப் பத்திரம் ரத்தானது. அந்த மனிதர் 11 லட்சம் வெள்ளியைக் கையாடியதற்காகவும் வேறு குற்றங்களுக்காகவும் சிறை சென்றார். மேல்முறையீட்டுக்குப் பின் அவரது மொத்தத் தண்டனை 11 ஆண்டு 2 மாதம். இதில் எனக்குத் தெரிவது ஒன்று. தள்ளாத வயதில், தனிமையில், பக்கத்தில் இருப்பவரை மட்டுமே நம்பி எழுதும்போதுதான் ஆபத்து மிகுதி. நல்ல தெளிவோடு, நண்பர்களும் உடன்பிறந்தவர்களும் சூழ இருக்கும் வயதில் ஆளைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. இருவரை நியமித்துச் சேர்ந்தே முடிவெடுக்கச் சொல்லலாம். மனம் மாறினால், திறன் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். நாம் திறன் இழக்கும்வரை அந்தப் பத்திரத்துக்கு எந்த வேலையும் இல்லை. நம் திருமணம், மதம், வாக்கு, உயில் ஆகியவற்றில் பொறுப்பாளர் தலையிடவே முடியாது.

திருமணம் செய்துகொள்ளாத சித்திகளும் மாமாக்களும் இந்த அவையில் இருப்பீர்கள். உங்களுக்கு இது இன்னும் அவசரம். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள், அந்த யாரோ ஒருவருக்குப் பெயர் வையுங்கள்.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பல்கலைக்கழக மாணவர்களே, 2022 நவம்பர் முதல் அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே விண்ணப்பத்தைத் தயாரிக்கலாம். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: யாரை நியமிக்க நினைக்கிறீர்களோ அவரிடம் இந்த வாரமே பேசுங்கள். எனக்கு எது பிடிக்கும், எந்தச் செலவை நிறுத்தக் கூடாது, அம்மாவுக்கு மாதம் எவ்வளவு போக வேண்டும் என்பதையெல்லாம் சொல்லுங்கள். நடுவர் அவர்களே, அந்தப் பேச்சைத் தொடங்க அறுபது வயதுவரை காத்திருக்கச் சொல்லும் அணிக்கு உங்கள் தீர்ப்பைத் தந்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.