சாமிக்கா, ஆளுக்கா?

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் குடும்பத்துச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சாமான் வாங்க, போன மாதம் நாகர்கோவில் வடசேரிச் சந்தைப் பக்கம் போயிருந்தேன். சிட்டையில் கடைசியாக இருந்தது சுருட்டு. முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடைப் பையன், "சிகரெட்டா சார்?" என்றான். மூன்றாவது கடையில் வயதான ஒருவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, "சாமிக்கா அண்ணாச்சி, ஆளுக்கா?" என்று கேட்டார். சாமிக்கு என்றேன். "அப்ப மூணு போதும்" என்று அவரே எடுத்துத் தாளில் மடித்துத் தந்தார்.

வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. என் பாட்டா, அதாவது தாத்தா, பூதப்பாண்டியில் பெட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அப்போது சுருட்டு ஆளுக்குத்தான் அதிகம் போனது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், காளை வண்டி ஓட்டுகிறவர், காற்றில் பீடி நிற்காது என்று சொல்லி வாங்குகிற கடற்கரைக்காரர் என்று எல்லாருக்கும் வேண்டும்.

சுருட்டுக் கட்டு வந்ததும் பாட்டா ஒன்றை உருவி, காதருகே வைத்து இரண்டு விரலால் மெல்ல உருட்டுவார். சரசரவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது, ஆகாது. சத்தமே இல்லையென்றால் ஈரம், பூசணம் பிடித்துவிடும். லேசாக ஒரு முனகல் மாதிரி கேட்க வேண்டும் என்பார். நானும் காதில் வைத்துப் பார்ப்பேன், எனக்கு ஒன்றும் கேட்காது. புகையின் பெருமையைப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தப் பாட்டாவைக் கடைசியில் கொண்டுபோனது இருமல்தான்.

பாட்டாவின் கடைக்குச் சரக்கு திண்டுக்கல்லிலிருந்தும் திருச்சி உறையூரிலிருந்தும் வரும். உறையூரில் சுருட்டு சுற்றுவதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இலையை நனைத்துப் பதமாக்கி, நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிடுகிறார்கள். சிறு துண்டுகளை உள்ளே வைத்து, நல்ல இலையைச் சாய்வாகச் சுற்றி, உள்ளங்கையால் பலகைமேல் உருட்டி, நுனியைப் பசை தொட்டு ஒட்டி, இரண்டு பக்கமும் நறுக்கிவிட்டால் முடிந்தது. இறுக்கிச் சுற்றினால் புகை வராது, தளர்ந்தால் பாதியிலேயே எரிந்து போகும். எவ்வளவு இறுக்கலாம் என்று அந்தக் கைக்குத்தான் தெரியும்.

நாம் 'சுருட்டு' என்றதை வெள்ளைக்காரன் 'செரூட்' என்று எழுதிக்கொண்டான். திருச்சிச் சுருட்டுக்குத் திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலை. சென்னை மவுண்ட் ரோட்டில் 1863-64 வாக்கில் கடை திறந்த ஸ்பென்சர் கம்பெனி, பின்னால் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. உறையூரில் ஃபென் தாம்சன் என்று ஒரு சுருட்டுக் கம்பெனி. பெயர்தான் துரை பெயர், சுற்றியது நம் ஆட்களின் கை. சர்ச்சில் குடித்த சுருட்டு என்ற கதையை இந்த ஊர்களில் எல்லாரும் சொல்வார்கள். நான் அதற்குள் போகவில்லை.

சரி, அங்கெல்லாம் பெயர்பெற்ற சுருட்டு இருக்கிறதே, நம் குமரி மாவட்டத்துக்கு என்று ஒன்று ஏன் இல்லை? மழை அதிகம், மண் வேறு என்று சொல்லலாம். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. 1956 வரை நாம் திருவிதாங்கூரிலும், கடைசிச் சில வருடம் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். திருவிதாங்கூரில் புகையிலை வெகுகாலம் சர்க்கார் சரக்கு. சர்க்கார்தான் வாங்கும், சர்க்கார்தான் விற்கும், கஜானாவுக்கு அது பெரிய வருமானம். திவான் மாதவராவ் காலத்தில், 1863-ல்தான் அந்த ஏகபோகத்தை எடுத்தார்கள். எடுத்த கையோடு இறக்குமதித் தீர்வை போட்டார்கள். இலையே சர்க்காரிடமிருந்து வரும் ஊரில் எவன் பலகை போட்டு உட்கார்ந்து சுருட்டு சுற்றுவான்?

அந்த இலையில் பெரும்பங்கு கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அது வெற்றிலையோடு மெல்லுகிற புகையிலை. நம் பக்கத்தில் அதற்கு 'யாழ்ப்பாணம் புகையிலை' என்று பெயர். யாழ்ப்பாணத்திலோ, இந்தப் பக்கம் அனுப்புவதற்கென்று பதப்படுத்தியதால் 'மலையாளப் புகையிலை' என்றார்கள். ஒரே இலை! விளைந்த ஊரில் விற்ற ஊரின் பெயர், விற்ற ஊரில் விளைந்த ஊரின் பெயர். திருவிதாங்கூர் தீர்வையை ஏற்றினால் அங்கே விவசாயி தலையில் கை வைப்பான். சுருட்டும் அங்கே பெரிய தொழில்தான். சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்களாம். வானொலி வருவதற்கு முன்னாலேயே அவர்களுக்கு வானொலி இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி மாடனுக்கு வருகிறேன். சாமிக்கு எதற்குச் சுருட்டு என்று என் பேத்தி கேட்டாள். தாத்தாவுக்குப் பிடித்ததைத் தாத்தா படத்துக்கு முன்னால் வைக்கிறோம் இல்லையா, அந்தக் கணக்குத்தான் என்றேன். அப்புறம் போல் துரை கதையைச் சொன்னேன். 1809-ல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்றபோது ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சுவரைக் கம்பெனிப் படை பிடித்தது. அந்தச் சண்டையில் படுகாயம்பட்டுச் செத்தவர் கேப்டன் போல் என்ற ஆங்கில அதிகாரி. திருநெல்வேலிச் சீமையில் அவரைப் புதைத்த இடத்தில் பின்னால் ஜனங்கள் வழிபாடு நடத்தினார்கள். அகாலத்தில் செத்த ஆவி அல்லவா, சும்மா விடாது என்ற பயம். படையல் என்ன தெரியுமா? பிராந்தியும் சுருட்டும். அந்தக் காலத்து மிஷனரிகள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். துரைக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். சண்டை போட்டவன் என்றாலும் பசிக்கும்தானே.

பேத்தி கேட்டுவிட்டு, "இப்பவும் குடிப்பாரா தாத்தா?" என்றாள்.

கொடை அன்று நடுராத்திரி, வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போய், சாமியாடி சூலம் எடுத்து வேட்டைக்குக் கிளம்பிய நேரத்தில் படப்பு போட்டார்கள். சோறு, கோழி, முட்டை, பக்கத்தில் என் மூன்று சுருட்டு. நானே எண்ணித்தான் வைத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் இரண்டுதான் இருக்கிறது. எண்பது தாண்டிய எங்கள் சித்தப்பா கிணற்றடியில் உட்கார்ந்து, இருமிக்கொண்டே வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனபோது பாட்டாவின் பெட்டிக்கடை வாசம் அடித்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பேத்திதான் ஓடி வந்து, "தாத்தா, மாடன் ஒண்ணைக் குடிச்சிட்டாரு" என்றாள்.

வணக்கம்.