பன்னிரண்டு ஒன்பதுகள்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் கால்குலேட்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 3.14159... என்ற எண்ணான பையை (π) நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 97.409091034 வரும். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்களைக் கவனியுங்கள். 9ஐ 22ஆல் வகுத்தால் 0.4090909 என்று 09 திரும்பத் திரும்ப வருமே, கிட்டத்தட்ட அதேதான். சரி, 22ஆல் பெருக்கிப் பார்ப்போம். 2143.0000027! இதையே திருப்பிப் போடுங்கள். 2143ஐ 22ஆல் வகுத்து, இரண்டு தடவை வர்க்கமூலம் எடுத்தால், எட்டுத் தசம இடம் வரை பை சரியாக வந்துவிடுகிறது.

இது ராமானுஜன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. இதை எழுதிய கையோடு அவர் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இது கணக்குப் போட்டுப் பார்த்துக் கிடைத்தது, முன்னால் சொன்ன கோட்பாட்டோடு இதற்குத் தொடர்பில்லை என்கிறார். எவ்வளவு நேர்மை!

அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. 58இன் வர்க்கமூலத்தைப் பையால் பெருக்குங்கள். இயல் மடக்கையின் அடிமானமான 2.718... இருக்கிறதல்லவா, அதற்கு இதை அடுக்காகப் போடுங்கள். 24591257751.99999982 வரும். புள்ளிக்குப் பின் ஆறு ஒன்பது. இது தற்செயல் இல்லை, இதற்குக் கோட்பாடு இருக்கிறது.

58க்குப் பதில் 163 போட்டால் ஒன்பதுகள் பன்னிரண்டு ஆகிவிடும். அந்த எண்ணுக்கு ‘ராமானுஜன் மாறிலி’ என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் ராமானுஜன் பிறப்பதற்கு 28 ஆண்டுகள் முன்பே, 1859இல், பிரெஞ்சுக் கணித அறிஞர் ஹெர்மைட் அதைக் கவனித்துவிட்டார். அந்தப் பெருமை அவருக்குத்தான் போக வேண்டும்.

ஏன் இப்படி வருகிறது? ‘ஜே’ என்று ஒரு மாடுலர் சார்பு உண்டு; உள்ளே போடும் எண்ணைச் சில குறிப்பிட்ட விதங்களில் மாற்றினாலும் மதிப்பு மாறாத சார்பு அது. கழித்தல் 163இன் வர்க்கமூலத்தை வைத்து அமைத்த ஓர் இடத்தில் அதன் மதிப்பு துல்லியமான முழு எண்: 640320இன் கனம், கழித்தல் குறியோடு. அந்தச் சார்பைத் தொடராக விரித்தால், நம்முடைய பெரிய எண் எது என்று தெரிந்துவிடும். 640320இன் கனத்தோடு 744ஐக் கூட்ட வேண்டும். கூட்டினால் 262537412640768744. அதிலிருந்து ஒரு துளி கழிய வேண்டும். 196884ஐ இந்தப் பதினெட்டு இலக்க எண்ணால் வகுத்தால் வருவதுதான் அந்தத் துளி. அதற்கு அடுத்து வருபவை கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை.

வகுத்துப் பாருங்கள். புள்ளிக்குப் பின் பன்னிரண்டு பூஜ்யம், அப்புறம் 75. அதை 1இலிருந்து கழித்தால் பன்னிரண்டு ஒன்பதும், அதன் வாலில் 25உம் அப்படியே வந்து நிற்கின்றன.